ஆள்காட்டி முட்டைகளைத் தேடி வருபவை

சிவப்பு மூக்கு ஆள்காட்டியின் கூட்டை அதன் கூச்சலை வைத்துத் தேடினால் கிடைக்காது. ஏரியை ஒட்டிய தரிசில் கோடைதோறும் பார்த்து வருகிறேன். ஆள் வருவது தெரிந்ததும் அடைகாக்கும் பறவை ஓசையின்றி எழுந்து, தலையைத் தாழ்த்தி ஓடி, நன்றாக விலகிய பிறகுதான் கத்தத் தொடங்கும். அது கத்துகிற இடத்தில் ஒன்றும் இருக்காது.

கூடு என்பது தரையில் ஒரு சிறு பள்ளம், ஓரத்தில் கூழாங்கற்கள், சில சமயம் ஆட்டுப் புழுக்கை, அவ்வளவுதான். பெரும்பாலும் 4 முட்டைகள், கூர்முனை உள்பக்கமாக. மண் நிறத்தில் கரும் திட்டுகள் இருப்பதால் காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குத் தட்டுப்படாது.

எதிரிக்குத் தக்கபடி தாயும் தந்தையும் நடந்துகொள்வதுதான் என்னை மிகவும் ஈர்த்தது. மேயும் மாடு நெருங்கினால் மனிதனுக்கு அஞ்சி ஓடுவதுபோல் ஓடுவதில்லை. முட்டையருகிலேயே நின்று சிறகை விரித்துக் கத்தும். மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகிவிடும். நாய் என்றால் அதன் தலையை உரசுவதுபோல் மாறிமாறிப் பாயும்.

காகங்களிடம் இந்த வித்தை பலிக்கவில்லை. ஒரு முறை இரண்டு காகங்கள் வந்தன. ஒன்று கூட்டுக்குச் சற்றுத் தள்ளி இறங்கி நடந்தது. இணை இரண்டும் அதன்மேல் பாய்ந்தன. அந்த இடைவெளியில் மற்றொன்று பின்பக்கமாக இறங்கி ஒரு முட்டையைக் கவ்விச் சென்றுவிட்டது. அதற்குச் சிறிது நேரம் முன்புதான் கேமராவுடன் ஒருவர் கூட்டருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நாம் எங்கே குனிகிறோம் என்பதைக் காகம் கவனிக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

காகம் வராவிட்டாலும் நாம் அங்கே நிற்பது தீங்குதான். கோடை வெயிலில் முட்டைக்குத் தேவைப்படுவது சூட்டைவிட நிழல். பெற்றோர் நீரில் இறங்கி வயிற்று இறகை நனைத்துவந்து முட்டைமேல் அமர்ந்து குளிர்விக்கின்றன. நாம் நிற்கும் வரை அவை திரும்பி வருவதில்லை. முட்டை வெயிலில் வேகிறது. அடைகாலம் 28 முதல் 30 நாட்கள் வரை. அத்தனை நாளும் இந்தக் காவல் தொடர வேண்டும்.

பொரித்த குஞ்சுகள் விரைவிலேயே கூட்டைவிட்டு நடந்துவிடும். எச்சரிக்கைக் குரல் கேட்டால் தரையோடு ஒட்டிப் படுத்து அசையாமல் கிடக்கும். அதனால் கூச்சல் கேட்கும் தரிசில் பார்த்துக் காலெடுத்து வையுங்கள், நிற்காமல் கடந்து செல்லுங்கள். படம் எடுத்தாலும் தொலைவிலிருந்து எடுங்கள். முட்டை இருக்கும்வரை கூடு இருக்கும் இடத்தை எங்கும் எழுத வேண்டாம்.

முட்டை பறிபோனாலும் பருவம் மிச்சமிருந்தால் இணை மீண்டும் முட்டையிடும். கீரியைத் துரத்தியடித்த இணையை யாராவது பார்த்திருந்தால் விரிவாக எழுதுங்கள். நான் பார்த்தபோது பறவைகள் எவ்வளவு பாய்ந்தும் கீரி தலையைக்கூட நிமிர்த்தாமல் முட்டைகளைத் தின்று முடித்தது.