'வளர்ச்சித் தாமதம்' என்று எழுதும் முன்: செவிலியர்களின் அனுபவங்கள்

குழந்தைகள் வார்டு செவிலியர்:

நிமோனியாவுக்காகச் சேர்த்திருந்த பத்து மாத ஆண் குழந்தை. தனியாக உட்காரவில்லை. பயிற்சி மாணவி கேஸ் ஷீட்டில் 'குழந்தை வளர்ச்சித் தாமதம்' என்று எழுதிவிட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆதரவின்றி உட்காருவதற்கான மேல்வரம்பு 9.2 மாதம் என்பதால், அவர் அப்படி எழுதியதில் வியப்பில்லை. ஆனால் பிரசவ விவரத்தைக் கேட்டபோது, குழந்தை 32 வாரத்திலேயே பிறந்தது தெரிந்தது. முழுக் காலமான 40 வாரத்துக்குக் குறைந்த எட்டு வாரத்தைக் கழித்தால், குறைமாதப் பிறப்புக்காகத் திருத்திய வயது எட்டு மாதம்தான்.

காய்ச்சல் விட்டு, ஆக்சிஜனையும் நிறுத்திய பிறகு பாய் விரித்து உட்கார வைத்தோம். இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றிக்கொண்டான். கிலுகிலுப்பையைக் காட்டியதும் ஒரு கையை எடுத்து எட்டினான். சற்று நேரத்தில் பக்கவாட்டில் சாய்ந்தான். பாட்டி பதறி, "குறைமாதப் பிள்ளை, சளி பிடித்துவிடும் சிஸ்டர், தரையில் விட்டதே இல்லை" என்று அள்ளி மடியில் வைத்துக்கொண்டார். எனக்குத் தேவையான விவரம் அந்த ஒரு வரியில் இருந்தது.

நர்சிங் டயக்னோசிஸ்களை, அதாவது செவிலியர் தன் மதிப்பீட்டில் எழுதும் முடிவுகளை, வரையறுத்துப் பட்டியலிடும் சர்வதேச அமைப்பான நாண்டாவின் 2021-2023 பதிப்பில் தாமதமும் தாமதத்துக்கான அபாயமும் தனித்தனி டயக்னோசிஸ்கள். மாணவியையும் பாட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே 'அபாயம்' என்று மாற்றினோம். தினமும் பாயில் விட்டு விளையாட்டுக் காட்டவும், மறுவருகையில் மீண்டும் பார்க்கவும் திட்டம் எழுதினோம். தாமதம் என்ற சொல் ஒருமுறை ஏறிவிட்டால் அந்தத் தாய் ஊரில் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்!

நர்சிங் கல்லூரி ஆசிரியை:

முதுகலை ஆய்வுக்கு, டயக்னோசிஸின் அறிகுறிகளைச் சரிபார்க்கச் செவிலியர் ஆய்வாளர் ஃபெரிங் 1987-இல் வகுத்த முறையைப் பயன்படுத்தினேன். ஒவ்வொரு அறிகுறியும் 'வளர்ச்சித் தாமதம்' என்ற டயக்னோசிஸுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று வல்லுநர்கள் 1 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். அதை 0 முதல் 1 வரையிலான எடையாக மாற்றிச் சராசரி எடுக்க வேண்டும். 0.80-ம் அதற்கு மேலும் முக்கிய அறிகுறி, 0.50-ம் அதற்குக் கீழும் வந்தால் நீக்கம், இடைப்பட்டது துணை அறிகுறி.

'தானே எடுத்துச் சாப்பிடுவதில்லை' என்ற அறிகுறிக்குப் பேராசிரியர்கள் நிறையவே கொடுத்தார்கள். கிராம சுகாதார செவிலியர்களோ 1, 2 என்றுதான் போட்டார்கள். ஒருவர் ஓரத்தில், "இங்கே மூன்று வயது வரை அம்மாதான் ஊட்டுகிறாள், பிள்ளைக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?" என்று எழுதியிருந்தார். சராசரி நடுவில் விழுந்ததால் அந்த அறிகுறி துணை அறிகுறியாகத் தப்பித்தது. வெறும் சராசரியைப் பார்த்திருந்தால் இந்தப் பிளவு தெரிந்தே இருக்காது. வீட்டு வாசலில் குழந்தையைப் பார்ப்பவர்களை வல்லுநர் பட்டியலில் கட்டாயம் சேருங்கள். பட்டம் மட்டுமே தகுதி என்பதை நான் ஏற்கவில்லை.

மதுரையிலிருந்து ஒரு செவிலியர்:

இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒரு சொல்கூடப் பேசவில்லை என்று எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். தாய் எங்களிடம் நல்ல தமிழில் பேசினார். வீட்டில் என்ன மொழி என்று கேட்டபோதுதான் சௌராஷ்டிரா என்றார். நாங்கள் விலகி நின்று, வீட்டில் பேசுவதுபோலவே பேசச் சொன்னோம். குழந்தை பந்தைக் கேட்டது, வேண்டாம் என்றது, அப்பாவைத் தேடியது. ஆனாலும் சொற்கள் வயதுக்குக் குறைவாகவே பட்டதால் காது கேட்கும் திறன் பரிசோதனைக்கு எழுதினோம். இப்போது எங்கள் படிவத்தில் வீட்டு மொழிக்கு ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். மற்ற ஊர்களில் இருப்பவர்களும் சேர்த்துப் பாருங்கள்.