110 கிலோ ஆளுக்கு முதல் சைக்கிள்: காசைப் பின் சக்கரத்தில் போடுங்க

தம்பி, 110 கிலோ இருக்கேன், முதல் சைக்கிள் எதை வாங்கலாம்னு கேட்டிருக்கீங்க. உங்க எடைக்கு சைக்கிள் சரிப்படாதுன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. கியர் எத்தனைன்னு கேக்கறதுக்கு முன்னாடி பின் சக்கரத்துப் போக்ஸ் கம்பியை எண்ணுங்க. உடம்பு எடையில பாதிக்கு மேல அங்கதான் இறங்குது. 36 கம்பி, டபுள் வால் ரிம் (உள்ள ரெண்டு அடுக்குச் சுவர் உள்ளது) இருந்தா எடுங்க. 32 இருந்தாலும் ஒழுங்காக் கட்டியிருந்தா ஓடும். 28-ன்னா வேண்டாம்.

கம்பி பாரத்தால ஒரே நாள்ல அறுந்திடறதில்லைங்க. லூசாக் கட்டின கம்பி ஒவ்வொரு சுத்துக்கும் தளர்ந்து இறுகித் தளர்ந்து இறுகி, சக்கரத்து நடுவுல இருக்கற ஹப்புல மாட்டுற வளைவுல களைச்சு அறுந்துபோகும். அதோட பாரம் பக்கத்துக் கம்பிக்குப் போயி அதுவும் போகும். அதனால கடையிலேயே ஒரே பக்கத்துக் கம்பிகளை நகத்தால மீட்டிப் பாருங்க. எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில கேக்கணும். நடுவுல ஒண்ணு மட்டும் மந்தமா 'டொக்'னு கேட்டா, கோட்டம் எடுக்கத் தெரிஞ்சவர்கிட்ட கொடுத்து இறுக்கி வாங்கிட்டுத்தான் ஓட்டணும். 100, 150 கிலோமீட்டர் ஓடினதும், கோட்டம் தெரியாட்டியும், மறுபடி ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க.

*

மேல பதில் சொன்ன அண்ணன் சொன்னதோட, பின் சக்கரத்து ஆக்சிலையும் பாருங்க. பின்னாடி இருக்கற பல்சக்கரத் தொகுதி ஹப்புல செருகற காசெட்டா, திருகற ஃப்ரீவீலான்னு கடையில நேராக் கேளுங்க. ஃப்ரீவீல் திருகின ஹப்புல செயின் பக்கத்துப் பேரிங் உள்ள தள்ளி இருக்கும். ஆக்சில் முனைக்குத் தாங்கல் இல்ல. கனமான ஆள் குழியில இறங்கினா அந்த இடத்துலதான் வளையும். காசெட்ல பேரிங் ஓரத்துக்கு வந்துடுது.

முன் சக்கரத்தைப் பிடிக்கற கவட்டை, அதான் ஃபோர்க், மலிவான ஸ்பிரிங் வச்சது வேண்டவே வேண்டாம். நீங்க உட்கார்ந்ததுமே பாதி அமுங்கிடும். சாதா இரும்பு ஃபோர்க்கும் 2 இஞ்ச் டயரும் போதும், குலுக்கலை டயரே வாங்கிக்கும். பின் டயர்ல காத்தழுத்தம் 50 பிஎஸ்ஐல ஆரம்பிங்க, டயர் ஓரத்துல போட்டிருக்கற அளவைத் தாண்டாதீங்க. காத்துக் குறைஞ்சா குழி விளிம்புல டியூப் ரிம்மோட நசுங்கி, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கீறல் விழும். அப்படி விழுந்தா முள்ளைத் தேடாதீங்க, காத்தைப் பாருங்க.

எடை வரம்பைப் படிக்கும்போது கவனம். சில கம்பெனி ஆள் எடையை மட்டும் சொல்லும், சிலது சைக்கிள், பை எல்லாம் சேர்த்த மொத்தத்தைச் சொல்லும்.

*

கொஞ்ச நாள் சேலத்துல மூக்கனேரிப் பக்கம் சமதரையில ஓட்டுங்க. ஏற்காடு மலையை அப்புறம் பார்க்கலாம். ஏத்தத்துல மிதிக்க, முன் பல்சக்கரத்துல 28 பல்லுக்குக் குறைவா, பின் பல்சக்கரத்துல 34 பல்லாவது இருக்கணும். அதைவிட இறக்கந்தான் முக்கியம்: 20 கொண்டை ஊசி வளைவு. ரிம்மை அழுத்தற கட்டை பிரேக்கை விடாமப் பிடிச்சுக்கிட்டே இறங்கினா ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக் வாங்குங்க, ஃபோர்க் இடம் கொடுத்தா முன்னாடி 180 மில்லிமீட்டர் தட்டு. வளைவுக்கு முன்னாடியே நல்லாப் பிடிச்சு வேகத்தைக் குறைச்சிட்டு, கையை விட்டுத் திரும்புங்க... அதாவது பிரேக்கை விட்டு, ஹேண்டில்பாரை இல்ல! சூடான தட்டைத் தொடாதீங்க, தோல் ஒட்டிக்கும்.