சூடானதும் ஸ்டார்ட் ஆக மறுக்கும் 1996 மாருதி 800

கேள்வி (அடையாறு):

வணக்கம். என்னிடம் உள்ள 1996ஆம் ஆண்டு மாருதி 800, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) உள்ள வண்டி. காலையில் சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஆனால் மே மாத வெயிலில் தி. நகர் வரை நெரிசலில் ஊர்ந்து சென்று, பாண்டி பஜாரில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால், செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிப்பதில்லை. பானட்டைத் திறந்து நன்றாக ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. மெக்கானிக் பெட்ரோல் பம்ப்பையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, இப்போது பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றலாம் என்கிறார். கோளாறு பெட்ரோலிலா கரண்டிலா என்று நானே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில் 1 (பெரம்பூர்):

உண்டு. ஆனால் வண்டி அடம்பிடிக்கும் அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும், மெக்கானிக்கும் கையில் கிடைத்ததை மாற்றுவார். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, எஞ்சின் ஓடாத நிலையில் கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலேட்டர் நெம்புகோலை ஒருமுறை கையால் இழுங்கள். மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்சினால், கார்புரேட்டர் கிண்ணம் (அதில் பெட்ரோல் தேங்கி நிற்கும் அறை) வரை பெட்ரோல் வந்திருக்கிறது என்று பொருள். ஒன்றுமே வராவிட்டால் பம்ப், குழாய், டேங்க் என்று பின்னோக்கிப் போகலாம். டேங்க் மூடியைத் திறக்கும்போது காற்றை உள்ளே உறிஞ்சும் ஓசை கேட்டால், மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அது செலவில்லாத வேலை.

தாரை வந்தும் ஸ்டார்ட் ஆகாவிட்டால், ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். முனை நனைந்து பெட்ரோல் நெடி அடித்தால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது, அல்லது பொறி வரவில்லை. இரண்டில் எது என்பதை அறிய, பிளக்கை எஞ்சின் உலோகத்தில் ஒட்டிவைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பொறியைப் பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டர் மூடியைத் திரும்பப் பொருத்தி, பெட்ரோல் ஆவி கலைந்த பிறகே, காப்பிட்ட பிளையரால் பிடித்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். நீலநிறத்தில் பளிச்சென்று பொறி பாய்ந்தால் காயிலுக்குச் செலவழிக்காதீர்கள்.

எஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கையும் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பம்ப்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். புதிய பம்ப் என்றாலும் போலியாக இருக்கலாம்.

பதில் 2 (வேளச்சேரி):

சோதனை முறை சரிதான். ஆனால் இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அந்தக் காலத்து ரப்பர் குழாய்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, உப்பிப்போகும், விரிசல் விடும். டேங்கில் படிந்திருந்த பழைய பிசினையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவரும், ஆகவே புதிய ஃபில்டரும் விரைவில் அடைபடலாம். மழையில் நனைந்து நெடுநாள் நின்ற வண்டியாக இருந்தால் தண்ணீரும் சேர்ந்திருக்கலாம். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் வைத்தால், தண்ணீர் அதிகம் இருந்தால் அது கீழே தனியாகப் பிரிந்து நிற்கும்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. நேற்று மதியம் அதே இடத்தில் அடம்பிடித்தபோது பார்த்தேன். நெம்புகோலை இழுக்கும் முன்பே கார்புரேட்டரின் உள்சுவர் நனைந்திருந்தது, பெட்ரோல் நெடி மூக்கைத் துளைத்தது. பொறி நீலமாகவே வந்தது. ஆயிலில் நெடி இல்லை.

பதில் 1 (பெரம்பூர்):

அப்படியானால் காயிலை விட்டுவிடுங்கள். வண்டியை நிறுத்தியதும் எஞ்சினின் சூடு மேலேறி, கிண்ணத்தில் உள்ள பெட்ரோலைக் கொதிக்கவைத்து, எஞ்சினுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டுக்குள் வழியவிடுகிறது. கார்புரேட்டருக்கு அடியில் சூட்டைத் தடுக்கும் தடித்த கேஸ்கட் இருக்கிறதா, அல்லது யாராவது வெறும் காகித கேஸ்கட்டைப் போட்டு மூடிவிட்டார்களா என்று பாருங்கள், ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ தேடினால் கிடைக்கும். கிண்ணத்தில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மிதவையான ஃப்ளோட்டின் மட்டத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதுவரை சோக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டு மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் பெட்ரோல்தான் உள்ளே போகும்.