ஒரே மருந்து, ஒரே நாள்: ஒரு வயலில் நாவாய்ப்பூச்சி சாகிறது, இன்னொன்றில் சாகவில்லை. மண்தான் காரணமா?

கோரையாற்றங்கரை:

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் எனக்கு ஆறு மா சொந்த நிலம். இந்த வருஷம் வாய்க்காலுக்கு அந்தாண்டை மூன்று மா குத்தகைக்கும் எடுத்தேன். இரண்டிலும் தாளடி அறுப்புக்கு எட்டு நாள் முன்னால், மெழுகுப் பதத்தில், ஆடுதுறை 3 உளுந்து விதைத்தேன். ஒரே விதை. காய் திரளும்போது இரண்டு பக்கமும் காய் நாவாய்ப்பூச்சி வந்துவிட்டது. நீளமாக, பழுப்பாக, பின்னங்கால் தடித்து முள்ளோடு இருக்குமே, பறக்கும்போது குளவியோ என்று திடுக்கிட வைக்குமே, அதுதான். அது உறிஞ்சிய காயை உரித்தால் உள்ளே பருப்பு சூம்பிக் கிடக்கும்.

ஒரே நாள், ஒரே டேங்க், ஒரே ஆள் வைத்து மருந்து அடித்தோம். மறுநாள் காலையில் பழைய வேட்டியைச் செடிக்கு அடியில் விரித்து உலுக்கிப் பார்த்தேன். குத்தகை வயலில் நான்கு இடத்தில் சேர்த்து 41 செத்து விழுந்தன. சொந்த வயலில் அதே நான்கு இடத்தில் ஆறுதான். மற்றவை எழும்பிப் பறந்து ஓடின.

சொந்த வயலில் பத்து வருஷமாக உளுந்துக்கு மூன்று தடவை, நான்கு தடவை என்று அடிக்கிறோம், அதே ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துதான். குத்தகை வயல் நெல் அறுத்த பிறகு சும்மாவே கிடந்த நிலம். என் மகள் விலங்கியல் படிக்கிறாள். இந்தப் பூச்சி வயிற்றில் ஒரு பாக்டீரியாவை வளர்க்கிறது, அதை மண்ணிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது என்று வகுப்பில் சொன்னார்களாம். அப்படியானால் நான் மண்ணில் கொட்டிய மருந்துதான் அந்தப் பாக்டீரியாவை மாற்றிவிட்டதா? இரண்டு நாளாக இதே யோசனை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நடுப்படுகை:

அக்கா, முதலில் தண்ணீரைப் பாருங்கள். எங்கள் பக்கம் போர் தண்ணீரில் காரத்தன்மை அதிகம். அதில் கலந்து வைத்தால் இந்த வகை மருந்துகள் சில, டேங்கிலேயே வீரியம் இழந்துவிடும். கலந்த உடனே அடித்தீர்களா? வெயில் நேரமா, மாலையா?

கோரையாற்றங்கரை:

இரண்டு வயலுக்கும் ஒரே வாய்க்கால் தண்ணீர்தான் தம்பி. சொந்த வயலுக்குத்தான் முதலில் அடித்தோம், மாலை நாலரைக்கு. வீரியம் போயிருந்தால் குத்தகை வயலில் அல்லவா சாகாமல் இருந்திருக்க வேண்டும்?

நுண்ணோக்கிக்காரன்:

அக்கா, உங்கள் மகள் சொன்னது சரி. பூச்சியியல் படித்தவன் நான், இந்தப் பூச்சியோடு கொஞ்ச காலம் பழகியிருக்கிறேன். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

இதன் பெயர் ரிப்டார்டஸ். குஞ்சைப் பார்த்திருப்பீர்கள், அச்சு அசலாகக் கட்டெறும்பு மாதிரி செடியில் ஓடும். முட்டையிலிருந்து வரும்போது அதன் குடலில் அந்தப் பாக்டீரியா கிடையாது. தாய் கொடுத்து அனுப்புவதில்லை. ஒரு தடவை சட்டை உரித்து இரண்டாம் பருவத்துக்கு வந்ததும் மண்ணிலிருந்து அது எடுத்துக்கொள்கிறது. பர்க்ஹோல்டேரியா என்று படித்திருப்பாள், இப்போது அந்தக் கூட்டத்தைக் காபலரோனியா என்று பிரித்துவிட்டார்கள். குடலின் நடுவில் முடி போல மெல்லிய ஒரு கழுத்து இருக்கிறது. மண்ணோடு உள்ளே போகும் நூறு வகை பாக்டீரியாவில் இது மட்டும்தான் தன் வாலைச் சுழற்றி நீந்தி அந்தக் கழுத்தைத் தாண்டும். தாண்டியதும் அந்தப் பக்கம் இருக்கும் சின்னச் சின்னப் பைகளில் குடியேறும். வளர்ந்த பூச்சி ஒன்றில் பத்துக் கோடி வரை இருக்கும்.

படிக்கும்போது ஒரு பூச்சியை உப்புத் தண்ணீரில் போட்டு, ஊசியால் முதுகைப் பிரித்துக் குடலை வெளியே இழுத்துப் பார்த்தேன். பின்பாதியில் இரண்டு வரிசையாகப் பைகள், நெருக்கித் தொடுத்த முல்லை மொட்டு போல வெள்ளையாக. ஒரு பையைக் குத்தியதும் பால் மாதிரி கலங்கி வந்தது. அது அத்தனையும் பாக்டீரியா. அன்றைக்கு மத்தியானம் சாப்பிடப் போகவே மனசு வரவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது உங்கள் கேள்வி. 2012இல் ஜப்பானில் கிகுச்சியும் அவருடன் வேலை செய்தவர்களும் இதே பூச்சியை வைத்து ஒன்றைக் காட்டினார்கள். பெனிட்ரோதியான் என்ற மருந்தை மண்ணில் திரும்பத் திரும்ப ஊற்றினால், அந்த நஞ்சையே உடைத்துத் தின்னும் பாக்டீரியாக்கள் மண்ணில் பெருகுகின்றன. அந்த மண்ணில் வளர்ந்த குஞ்சுகள் அவற்றை வயிற்றில் ஏற்றிக்கொண்டன. பிறகு அதே மருந்து கொடுத்தால் பெரும்பாலும் சாகவில்லை. பூச்சியின் சொந்த மரபணு மாறவே இல்லை, வயிற்றுக் குடித்தனக்காரர்தான் மாறினார். சோதனைக்கூடத்தோடு நிற்கவில்லை. மினாமி-டைட்டோ தீவில் கரும்பை உறிஞ்சும் வேறொரு நாவாய்ப்பூச்சியிலும் இப்படிப்பட்ட பாக்டீரியாவை வயலிலேயே கண்டார்கள்.

ஆனால் அவசரப்பட வேண்டாம் அக்கா. அது பெனிட்ரோதியான். நம் நாட்டில் விவசாயத்துக்கு அதைத் தடை செய்துவிட்டார்கள். நீங்கள் அடித்தது அதே குடும்பம் என்றாலும் வேறு மருந்து. பத்து வருஷம் ஒரே மருந்து அடித்தால் பூச்சிக்குச் சொந்தமாகவும் எதிர்ப்பு வந்துவிடலாம். வாய்க்காலைத் தாண்டி அது பறக்கவும் செய்யும். இரண்டில் எது என்று வயலில் நின்று பார்த்தால் தெரியாது.

பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. முட்டையை ஒரே வயலிலிருந்து எடுங்கள். பொறித்த குஞ்சுகளைக் கலந்து மூன்று பாட்டிலில் பிரித்து விடுங்கள். ஒன்றில் சொந்த வயல் மண், ஒன்றில் குத்தகை வயல் மண், மூன்றாவதில் ஏதாவது ஒரு மண்ணை இனிமேல் சமையலுக்கு எடுக்காத பானையில் ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைத்து ஆறப்போட்டது. காய்ந்த தட்டைப்பயறு, நனைத்த பஞ்சு, மேலே கொசுவலைத் துணி. மூன்று நான்கு வாரத்தில் பெரிதாகிவிடும். வெந்த மண்ணில் வளர்வது தாமதமாகவும் சின்னதாகவும் வரும், பாக்டீரியா கிடைக்காததால். பிறகு டேங்க் அளவுக்கு மருந்து கலந்து, கையுறை போட்டு, பயற்றங்காயைத் தோய்த்துக் காயவைத்து மூன்றிலும் போடுங்கள். ஒரே முட்டைக் கூட்டம் என்பதால் மரபணு ஒன்றுதான். சொந்த வயல் மண்ணில் வளர்ந்தது மட்டும் தப்பித்தால் மண்தான் காரணம். எல்லாம் ஒரே மாதிரி செத்தாலோ தப்பித்தாலோ வேறு காரணம்.

பின்பனி:

அசுவினிக்கும் இது பொருந்துமா? எங்கள் அவரைப் பந்தலில் தை மாசம் அப்பிக்கிடக்கும், பங்குனியில் தானாகக் குறைந்துவிடும்.

நுண்ணோக்கிக்காரன்:

குறைவதற்குப் பொறிவண்டு, குளவி என்று பல காரணம் உண்டு. ஆனால் வெயிலுக்கும் அசுவினிக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கும் தொடர்பு இருப்பது உண்மை. அதன் பெயர் புக்னெரா. நாவாய்ப்பூச்சிக்கு நேர் எதிர், இது தாய் வயிற்றிலேயே குஞ்சுக்குப் போய்விடும், கோடிக்கணக்கான வருஷமாக வெளியே வந்ததே இல்லை. செடிச் சாற்றில் இல்லாத அமினோ அமிலங்களை அதுதான் சமைத்துக் கொடுக்கிறது. 2007இல் பட்டாணி அசுவினியில் கண்டது இது: புக்னெராவின் ஒரு வெப்பக் காப்பு மரபணுவுக்கு முன்னால் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து விடுபட்டிருந்தால், இளம் பருவத்தில் 35 டிகிரி வெப்பத்தில் நாலு மணி நேரம் பட்ட அசுவினி குஞ்சு போடுவது மிகவும் குறைந்து அல்லது நின்றே போகிறது. அதே எழுத்து விடுபட்ட அசுவினி குளிரில் மற்றவற்றைவிட முந்துகிறது. அதனால் பருவத்துக்குப் பருவம் எது மேலே வரும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். நம் அவரை அசுவினி வேறு இனம், அதில் இப்படியே நடக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

கோரையாற்றங்கரை:

தம்பி, படித்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு போய் சொந்த வயலில் தேடினேன். உளுந்து இலையின் அடியில் ஒன்றொன்றாக, பழுப்பாகப் பளபளவென்று, 23 முட்டை கிடைத்தது. இலையோடு கிள்ளி வந்துவிட்டோம். மண்ணும் எடுத்தாயிற்று, ஒரே கொட்டாங்கச்சியால் இரண்டு வயலிலும் மேல்மண்தான். ஆவி வைக்க அம்மா காலத்து ஈயம் போன பானை ஒன்று இருக்கிறது. மண் எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும்? கோரையாற்று மண் காய்ந்தால் வெடித்துவிடும்.

நுண்ணோக்கிக்காரன்:

விதைத்த அன்று வயல் இருந்த அதே மெழுகுப் பதம் போதும் அக்கா. கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. 23 முட்டை மூன்று பாட்டிலுக்குக் குறைவு, இன்னும் ஒரு நாற்பதாவது தேடுங்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் எத்தனை குஞ்சு போட்டீர்கள் என்று தேதியோடு எழுதி ஒட்டுங்கள். வெந்த மண் பாட்டிலுக்குத் தனிக் கரண்டி வையுங்கள், மற்ற மண் ஒரு சிட்டிகை விழுந்தாலும் கெட்டது.