நெஞ்சைத் திறந்து தைத்தவர்கள், குழாய் போட்டவர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

குரோஃப்ட்டீன் மருமகள்:

நுரையீரல் ஆபரேஷன் என்றாலே நம் ஆட்களுக்கு "இனிமேல் படுத்த படுக்கைதான்" என்ற நினைப்பு. என் மாமனாருக்கு வலது நுரையீரலின் மேல் மடலை எடுத்தபோது, பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: அசையாதீங்க, பேசாதீங்க, இருமலை அடக்கிக்குங்க. வார்டில் சொன்னதோ நேர் எதிர். நடுவில் மாட்டிக்கொண்டு அவர் திண்டாடியதைப் பார்த்துத்தான் இதைத் தொடங்குகிறேன். தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மாரிட்ஸ்பர்க், ஜோபர்க், எங்கே இருந்தாலும் சரி, இதைக் கடந்து வந்தவர்கள் எழுதுங்கள்.

முதலில் எங்கள் கதை. மாமனாருக்கு வாலிப வயதில் டிபி வந்திருக்கிறது. மாத்திரையை ஒழுங்காக முடித்தார், குணமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பல வருஷம் கழித்து ஒரு நாள் இருமலோடு ரத்தம். டிபிதான் திரும்பிவிட்டது என்று வீடே பயந்தது. சளியைச் சோதித்தால் டிபி இல்லை. ஸ்கேன் எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பழைய டிபி உண்டாக்கிவிட்டுப் போன குழிக்குள் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை உருண்டு திரண்டு கிடந்தது. மல்லாந்து படுத்து எடுத்த படத்தில் அது குழியின் ஒரு பக்கம் இருந்தது. குப்புறப் படுக்கவைத்து எடுத்ததில் மறுபக்கம் உருண்டிருந்தது. இரண்டு படத்தையும் டாக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

முதலில் தொடையிடுக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, ரத்தம் கசியும் நாளத்தை அடைத்தார்கள். கொஞ்ச காலம் நின்றது, பிறகு மறுபடியும் வந்தது. அது தற்காலிக வழிதான், குழி இருக்கும் வரை ஆபத்தும் இருக்கும் என்று சொல்லி, கேட்டோ மேனரில் இருக்கும் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே நாமாகப் போய் நிற்க முடியாது, வேறு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வேண்டும்.

கத்தி வைப்பதற்கு முன் ஊதும் சோதனை. மூச்சை நிறைய இழுத்து ஒரே வேகத்தில் ஊத வேண்டும், முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று மெஷின் அளக்கும். ஒரு மடலை எடுக்க 1.5 லிட்டருக்கு மேல் இருந்தால் தைரியமாக இறங்கலாம் என்பது பழைய கணக்கு. குறைந்தால் இன்னும் சில சோதனைகள் உண்டு. மாமனார் தேறினார். சிகரெட்டை மட்டும் அன்றே விடச் சொன்னார்கள்.

தோள்பட்டை எலும்புக்குக் கீழே தொடங்கி, பக்கவாட்டில் வளைந்து, விலா எலும்புகளுக்கு நடுவே வெட்டு. பழைய டிபியால் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிப் போயிருந்தது. மடலை எடுத்ததைவிட அந்த ஒட்டலைப் பிரிக்கத்தான் அதிக நேரமாம். வெளியே வந்தபோது இரண்டு குழாய்கள், ஒன்று மேலே காற்றுக்கு, இன்னொன்று கீழே நீருக்கும் ரத்தத்துக்கும்.

அந்தக் குழாய் போய்ச் சேரும் போத்தலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கட்டிலுக்குக் கீழே தண்ணீரோடு நிற்கும். மூச்சு விடும்போதெல்லாம் குழாய்க்குள் தண்ணீர் ஏறி இறங்கும், இருமினால் குபுகுபுவென்று குமிழி வரும். மாமியார் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உசிரு அது வழியா போகுதாடி?" என்று என் காதோடு கேட்டார். சிஸ்டர் பொறுமையாகச் சொன்னார்: நுரையீரலைச் சுற்றி மாட்டிக்கொண்ட காற்று அந்த வழியாக வெளியேறுகிறது, குழாயின் நுனி தண்ணீருக்குள் இருப்பதால் வெளிக்காற்று திரும்ப உள்ளே போக முடியாது. குமிழி வருவது நல்லதுதான், அது நாளாக நாளாகக் குறைய வேண்டும். போத்தல் மட்டும் நெஞ்சுக்கு மேலே போகவே கூடாது. சாப்பாட்டுப் பாத்திரம் வைக்க இடமில்லை என்று ஒரு சித்தப்பா அதைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்ததும் சிஸ்டர் போட்ட சத்தம் அடுத்த வார்டு வரை கேட்டிருக்கும்!

அடுத்த நாள் காலையிலேயே மூச்சுப் பயிற்சி தரும் பிசியோ வந்துவிட்டார். சின்ன வயசு ஜூலு பெண். உட்கார வைத்தார், ஒரு துண்டைச் சுருட்டிக் காயத்தின் மேல் வைத்து அழுத்தினார், "க்வெஹ்லேலா, பாபா!" என்றார். இருமு அப்பா. மாமனார் லேசாகத் தொண்டையைக் கனைத்தார். அது கணக்கில் வராதாம், அடிவயிற்றிலிருந்து வர வேண்டுமாம். பெரியம்மா பொறுக்காமல் "பாவம், விட்டுடும்மா, நெஞ்சு பிச்சுக்கப் போகுது" என்று குறுக்கே போனார். அந்தப் பெண் கோபப்படவில்லை. பெரியம்மாவின் கையைப் பிடித்து அந்தத் துண்டின் மேல் வைத்து, "நீங்களே அழுத்துங்கள், நான் சொல்லும்போது அவர் இருமட்டும்" என்றார். அவ்வளவுதான். அன்று முதல் பெரியம்மாதான் இருமல் மேஸ்திரி. பார்வையாளர் நேரம் முழுக்க "ம், இன்னொரு வாட்டி" என்று விரட்டிக்கொண்டே இருந்தார்.

உம்கோமாஸ் தம்பி:

எனக்கு டிபியும் இல்லை ஒன்றும் இல்லை. ஒல்லி, உயரம், அப்போது சிகரெட் வேறு. திடீரென்று இடது பக்கம் சுருக்கென்று ஒரு வலி, மாடிப்படியில் மூச்சு வாங்கியது. எக்ஸ்ரேயில் நுரையீரல் சுருங்கிக் கிடந்தது. நுனியில் இருந்த சின்னக் கொப்புளம் உடைந்து காற்று கசிந்ததாம், என்னைப் போல ஒல்லிப் பையன்களுக்கு இது சகஜம் என்றார்கள். குழாய் போட்டார்கள், சரியானது. மறுபடியும் அதே பக்கம் வந்தபோதுதான் கேமரா வைத்துச் சின்னத் துளைகள் வழியாக ஆபரேஷன். கொப்புளத்தை வெட்டித் தைத்து, நெஞ்சின் உட்சவ்வை உரித்துவிட்டார்கள். அப்போதுதான் நுரையீரல் சுவரோடு ஒட்டிக்கொள்ளுமாம்.

எனக்கு வருத்தமெல்லாம் ஒன்றுதான். எங்கள் ஊர்க் கடலில் இருக்கும் அலிவால் ஷோல் பாறைத் திட்டில் டைவிங் போய்க்கொண்டிருந்தவன் நான். இந்த மாதிரி ஒருமுறை வந்தவர்கள் சிலிண்டர் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகக் கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகாவது போகலாமா என்று கேட்டேன், இடது பக்கம் சரி, வலது பக்கத்துக்கு யார் உத்தரவாதம் என்று திருப்பிக் கேட்டார் டாக்டர். விமானமும் உடனே ஏறக் கூடாது, நுரையீரல் முழுதாக விரிந்ததை எக்ஸ்ரேயில் பார்த்த பிறகும் ஒரு வாரமாவது கழிய வேண்டும். இப்போது கரையில் நின்று மீன் பிடிக்கிறேன். சிகரெட் இல்லை.

வெருலம் மகள்:

அம்மாவுக்கு நிமோனியா முற்றி நெஞ்சுக்குள் சீழ் கட்டிவிட்டது. குழாய் போட்டும் முழுதாக வடியவில்லை. சீழ் உறைந்து நுரையீரல் மேல் தடித்த ஓடு கட்டிவிட்டது, அதை உரித்து எடுத்தால்தான் நுரையீரல் விரியும் என்கிறார்கள். அடுத்த வாரம் ஆபரேஷன் தியேட்டர். அம்மாவுக்கு வலி தாங்காது. மார்ஃபின் கொடுப்பார்களாம், பழக்கமாகிவிடுமோ என்று பயம். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

வெருலம் மகளே, அந்தத் தப்பை மட்டும் செய்யாதே. தியேட்டரிலும் வார்டிலும் காலம் தள்ளியவள் சொல்கிறேன். விலா எலும்புக்கு நடுவே திறக்கும் காயம் மனிதனுக்கு வரும் வலிகளிலேயே பொல்லாத ஒன்று. மற்ற காயத்தை அசைக்காமல் வைத்திருக்கலாம், நெஞ்சை எப்படி அசைக்காமல் இருப்பது? ஒவ்வொரு மூச்சுக்கும் வலிக்கும். வலிக்கிறதே என்று அம்மா மேலோட்டமாக மூச்சு விடுவார், இருமமாட்டார். சளி அடியில் தங்கும், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், அப்புறம் மறுபடி நிமோனியா. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவர்கள்தான் ஐசியூவுக்குத் திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் முதுகில் மெல்லிய குழாய் வைத்து மரத்துப்போகும் மருந்து விடுகிறார்கள், அல்லது விலா நரம்புகளுக்குப் பக்கத்தில் ஊசி போடுகிறார்கள். கூடவே மாத்திரை, தேவைப்பட்டால் மார்ஃபின். டாக்டர் மேற்பார்வையில் சில நாள் கொடுப்பதால் அடிமையாவது அபூர்வம். மருந்தைப் பிசியோ வருவதற்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல். வலி ஏறிய பிறகு கேட்டால், மருந்து வேலை செய்வதற்குள் பிசியோ அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார்.

மார்புக்குக் கீழே ஒரு பட்டை மாதிரி மரத்துப் போகலாம், சில பேருக்கு எரிச்சல் மாதக்கணக்கில் இருக்கும். அது விலா நரம்பு பட்ட பாடு. தைத்தது பிரிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்குத் தனி மருந்து உண்டு. வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், நாற்றமடிக்கும் சளி, புது ரத்தம், திடீர் மூச்சிரைப்பு, கழுத்திலோ நெஞ்சிலோ வீங்கி, அழுத்தினால் தோலுக்கடியில் நறநறவென்று சத்தம், இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்கள் ஊரில் குழாய் என்றால் நோய் மட்டும் இல்லை. சனிக்கிழமை ராத்திரி கேஷுவால்ட்டியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். நெஞ்சில் கத்திக்குத்து வாங்கி வரும் பையன்களில் பெரும்பாலோருக்கு நெஞ்சைத் திறக்கவே தேவைப்படாது, ஒரு குழாயே போதும். அவர்களில் பாதிப் பேர் போத்தலைக் கையில் தூக்கிக்கொண்டு சிகரெட் கேட்டு அலைவார்கள்.

டோங்காட் வாத்தியார்:

என் ஆயாவின் வலது தோள் இறங்கி, அந்தப் பக்க நெஞ்சு உள்ளே அமுங்கி இருக்கும். புடவைத் தலைப்பை இழுத்து இழுத்து மறைப்பார். டிபிக்கு மருந்து சரியாக வராத காலத்தில், ஒரு பக்க விலா எலும்புகளை எடுத்து நெஞ்சுச் சுவரையே சரியவிடுவார்களாம். சுவர் அமுங்கினால் அடியில் இருக்கும் குழியும் மூடிக்கொள்ளும், கிருமிக்குக் காற்று கிடைக்காது என்பது கணக்கு. ஒரே தடவையில் செய்தால் உடம்பு தாங்காது என்று சில வார இடைவெளியில் இரண்டு மூன்று தடவையாகச் செய்வார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் 1940களிலும், ஐசோனியாசிட் 1952இலும் வந்த பிறகுதான் இந்த முறை ஒழிந்தது. ஆயா அதற்குப் பிறகு கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தார், பிள்ளை பெற்றார், என்னை அடித்தார். இடது கையால்தான் அடிப்பார்.

மாரிட்ஸ்பர்க் அப்பா:

இங்கே எல்லோரும் நுரையீரலைப் பற்றி எழுதுகிறீர்கள், என் மகனுக்குப் பிரச்சினை நெஞ்செலும்பில். பிறவியிலேயே குழிந்த மார்பு, வளர வளர ஆழமானது. கடற்கரைக்குப் போனால் சட்டையைக் கழற்றமாட்டான். ஃபுட்பால் ஆடினால் சீக்கிரம் களைத்துவிடுவான். ஸ்கேனில் நெஞ்சின் அகலத்தையும் ஆழத்தையும் வகுத்து ஒரு எண் சொல்வார்கள், சாதாரணமாக 2.5 இருக்கும், 3.25ஐத் தாண்டினால் ஆபரேஷனைப் பற்றிப் பேசுவார்கள். இவனுக்குத் தாண்டியிருந்தது.

மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இது அழகுக்காகச் செய்வது என்று கையை விரித்தது. எக்கோ என்ற இதய ஸ்கேனையும் மூச்சுச் சோதனையையும் வைத்து, குழியால் இதயம் அமுங்குகிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் இறங்கி வந்தார்கள், அதுவும் முழுத் தொகை இல்லை. அந்தக் கடிதப் போக்குவரத்தை நினைத்தால் ஆபரேஷனே தேவலாம்.

செய்தது நஸ் முறை. இரண்டு பக்கமும் சின்ன வெட்டு, கேமரா பார்த்துக்கொண்டே வளைந்த உலோகப் பட்டை ஒன்றை நெஞ்செலும்புக்கு அடியில் நுழைத்து, அப்படியே திருப்பிவிடுவார்கள். குழி அங்கேயே மேலே எழும்பிவிடும். பட்டை சுமார் மூன்று வருஷம் உள்ளே இருக்கும், பிறகு எடுத்துவிடுவார்கள். முன்பு குருத்தெலும்புகளை வெட்டி எடுத்துத்தான் நிமிர்த்த வேண்டியிருந்தது. டொனால்ட் நஸ் 1987இல் அமெரிக்காவில் இதைச் செய்யத் தொடங்கி 1998இல் வெளியிட்டார். அவர் நம் தென்னாப்பிரிக்காக்காரர், கேப் டவுனில் படித்தவர். 1967இல் இதயத்தை மாற்றிய பார்னார்டைத் தெரியாத ஆள் இந்த நாட்டில் இல்லை, நஸ்ஸைக் கேட்டால் யாருக்கும் தெரியாது.

வீட்டில் பெரிய சண்டை காவடியால் வந்தது. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக என் அம்மா வேண்டிக்கொண்டுவிட்டார். டாக்டரிடம் வெட்கத்தோடுதான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, காவடி எவ்வளவு கனம், அலகு எங்கெங்கே குத்துவார்கள் என்று விசாரித்தார். முதல் மூன்று மாதம் கனம் தூக்குவதும், உடம்பைத் திருகுவதும், முட்டி மோதுவதும் கூடாது. பட்டை உள்ளே இருக்கும் வரை விலாப்பக்கம் கொக்கியோ அலகோ வேண்டவே வேண்டாம், தோல் வழியாகக் கிருமி போய்ப் பட்டையில் உட்கார்ந்தால் பட்டையையே எடுக்க வேண்டிவரும் என்றார். அந்த வருஷம் பையன் சின்னச் சொம்பில் பால் எடுத்து நடந்தான். முருகன் கோபித்துக்கொள்ளவில்லை, அம்மாதான் ஒரு வாரம் பேசவில்லை.

மெரிபேங்க் மூத்தவள்:

எங்கள் அப்பாவுக்கு ஆபரேஷன் செய்யவில்லை, அதையும் எழுதலாம்தானே. கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் தகடு அறுக்கும் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்றுப் பல வருஷம் கழித்து நெஞ்சில் நீர் கோத்தது. கேமரா விட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் மீசோதீலியோமா. ஆஸ்பெஸ்டாஸால் இந்தப் புற்றுநோய் வருகிறது என்று உலகத்துக்குக் காட்டியதே இந்த நாட்டு டாக்டர்கள்தான். வடக்கு கேப் நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கப் பக்கத்து நோயாளிகளை வைத்து வாக்னரும் கூட இருந்தவர்களும் 1960இல் 33 பேரின் விவரத்தை எழுதினார்கள். ஆஸ்பெஸ்டாஸுக்கு இங்கே தடை வந்தது 2008இல்.

தம்பிகள் "வெட்டி எடுத்துடுங்க டாக்டர்" என்று மன்றாடினார்கள். அவர் மறுத்தார். பெரிய ஆபரேஷனால் ஆயுள் கூடுவதில்லை, இருக்கிற நாளும் கெடும் என்றார். பிரிட்டனில் நடந்து 2024இல் வெளிவந்த பெரிய ஆய்வும் அதையேதான் சொல்கிறது. நீரை வடித்து, டால்க் பவுடரை உள்ளே தூவி நுரையீரலைச் சுவரோடு ஒட்டவைத்தார்கள். மூச்சுத் திணறல் அடங்கியது. அப்பா கடைசி வரை தன் முருங்கை மரத்துக்குத் தானே தண்ணீர் ஊற்றினார். செய்யாமல் விட்டதற்கு நான் அந்த டாக்டருக்கு நன்றி சொல்வேன், தம்பிகள் இன்னும் சொல்லமாட்டார்கள்.

இந்த மாதிரி வேலை பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால், எந்த வருஷம் எங்கே என்ன வேலை என்று டாக்டரிடம் எழுதிக் கொடுங்கள். வேலையால் வந்த நோய்க்கு 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி நஷ்டஈடு கேட்கலாம், சுரங்கத்தில் இருந்தவர்களுக்கு வேறு சட்டம்.

வெருலம் மகள்:

சிஸ்டர் அக்கா, அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மருந்துக்குச் சரி சொல்லிவிட்டார். இன்னொன்று, குழாயை எடுக்கும்போது ரொம்ப வலிக்குமா? காரில் வரும்போது சீட் பெல்ட் காயத்தில் படுமே?

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

எடுப்பது ஒரு நொடி வேலை. மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கச் சொல்வார்கள், சட்டென்று இழுத்து, ஏற்கெனவே போட்டு வைத்த தையலை முடிச்சுப் போடுவார்கள். காற்று உள்ளே போகாமல் இருக்கத்தான் மூச்சைப் பிடிக்கச் சொல்வது, அம்மாவை முந்தின நாளே பழகிக்கொள்ளச் சொல். சீட் பெல்ட்டைக் கழற்றக் கூடாது, பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் சின்னத் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். அதே தலையணை வீட்டில் இருமும்போது அணைத்துக்கொள்ளவும் ஆகும்.