புதுப்பிப்பு: ஐப்பசியில் நட்ட கன்றுகள் கோடையைத் தாண்டினவா?

விழுப்புரம் மாவட்டம் வானூர் பக்கம் எங்கள் ஊர்ப் புறம்போக்கில் ஞாயிறுதோறும் கூடி மரம் நடுகிறோம் என்று கார்த்திகையில் எழுதியிருந்தேன். "அந்தச் செம்மண் மேட்டில் ஒன்றும் நிற்காது" என்று பலர் சொன்னீர்கள். இப்போது ஆடி. மூன்றில் இரண்டு பங்கு நிற்கிறது!

காரணம் கன்றல்ல, வரப்புதான். ஆரோவில்லில் 2003-இல் தொடங்கிய, காடு வளர்க்கும் அமைப்பான சாதனா ஃபாரஸ்டில் முதலில் மண்வரப்பு போட்டு மழைநீரை நிறுத்துவதைப் பார்த்துவிட்டு வந்து, நாங்களும் சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டோம். வரப்புக்கு மேல்புறம் நட்டவை பெரும்பாலும் பிழைத்தன. போனதெல்லாம் கீழ்ப்புறம் வைத்தவை, அப்புறம் ஆடு கடித்தவை. முள்வேலி போடத் தாமதித்தது எங்கள் தவறு.

வீரையும் பாலையும் விரலளவுதான் வளர்ந்திருக்கின்றன. இந்தக் கடலோரக் காட்டு மரங்கள் அப்படித்தான், அவசரப்படாது. ஆனால் நேற்று ஒரு நாவல் கன்றின் அடியில் ஈரம் காக்கப் பரப்பிய சருகு மூடாக்கை விலக்கினேன். சருகுக்கடியில் வெள்ளை நூல் மாதிரி பூஞ்சை, ஈரமண், ஒரு மண்புழு. போன வருஷம் அதே இடத்தில் கடப்பாரை இறங்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வரப்பின் மேல் துவரையும் தட்டைப்பயறும் போட்டோம். வேலியில் பிரண்டை ஏறிவிட்டது. மழைக்குப் பின் தானாக முளைத்த சாரணைக்கீரையை ஒரு ஆயா பிள்ளைகளுக்குக் காட்டி, "இத போய் களைனு பிடுங்குறீங்களே" என்றார். அன்று மதியம் எல்லோருக்கும் அந்தக் கீரைக் கடைசல்தான்.

வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு அடுத்த வரப்பு. வருகிறவர்கள் மண்வெட்டி கொண்டுவாருங்கள்.