பேய் வீட்டுக் கதைகள்: கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்கள் உதவ வேண்டும்

கிருஷ்ணகிரி பழையபேட்டை, ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் "பேய் வீடு" என்று பேர் வாங்கிய பழைய வீடுகளின் கதைகளைத் தொகுக்கிறோம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரியவர்களிடம் கேட்கும்போது "அங்கே பேய் இருக்குதா?" என்று ஆரம்பிக்காதீர்கள், கேட்பவருக்குப் பிடித்த பதில்தான் வரும். "அந்த வீட்டில் யார் இருந்தாங்க, எப்போ பூட்டினாங்க?" என்று கேளுங்கள். வருஷம் நினைவில்லையென்றால் 2004-இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்ததற்கு முன்பா பின்பா, 2017-இல் கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி அணை) மதகு உடைந்ததற்கு முன்பா என்று கேட்டால் பிடி கிடைக்கும். தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளிலும் கேளுங்கள். ஒரே கதை அங்கே வேறு மாதிரி இருக்கலாம்.

சத்தம் என்றால் எந்த நேரம், எந்த மாதம் என்பது முக்கியம். கூகை ஆந்தையின் அலறல் மனுஷக் குரல் போலவே இருக்கும். மரநாய் மச்சில் நடந்தால் ஆள் நடப்பது போலத்தான் கேட்கும். வெயிலில் விரிந்த உத்திரம் ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது 'டப்' என்று சத்தம் விடும்.

சர்வே எண் தெரிந்தால் அதையும் அனுப்புங்கள், வில்லங்கம் பார்க்கிறோம். பாகப்பிரிவினை வழக்கில் பூட்டிய வீட்டுக்குத்தான் பேய் சீக்கிரம் குடிவருகிறது! உரிமையாளர் பெயரைப் பொதுவில் போடாதீர்கள். உத்திரம் செல்லரித்திருக்கும், உள்ளே நுழைந்து படமெடுக்க வேண்டாம்.